நீலத் திரை வந்தால் ஃபார்மட்தான் வழியா?

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. மலேசிய நேரப்படி பிற்பகல் 12.09க்கு, கிரவுட்ஸ்டிரைக் என்ற அமெரிக்க இணையப் பாதுகாப்பு நிறுவனம் தன் மென்பொருளுக்கான ஒரு சிறு புதுப்பிப்பை வாடிக்கையாளர்களின் கணினிகளுக்கு அனுப்பியது. 78 நிமிடங்களில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதற்குள் உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு நின்றுவிட்டன. கேஎல்ஐஏ 2ஆம் முனையத்தில் ஏர் ஏசியா பயணிகளைக் கணினி உதவியின்றிப் பதிவு செய்ய வேண்டியதாயிற்று.

அந்தக் கணினிகளில் வன்பொருள் எதுவும் கெடவில்லை. கோப்புகளும் அப்படியே இருந்தன. 20 மதிப்புகள் மட்டுமே இருந்த இடத்தில் 21ஆவதைத் தேடிப்போன ஒரு நிரல் பிழைதான் காரணம். 'சேஃப் மோட்' வழியாக உள்ளே நுழைந்து, அந்த ஒரு கோப்பை அழித்ததும் கணினி எழுந்துகொண்டது. நம் வீடுகளிலோ நீலத் திரையைக் கண்டதும் காதில் விழும் முதல் சொல் 'ஃபார்மட்'.

நிதானமாக ஒரு கேள்வி கேளுங்கள்: கடைசியாக என்ன மாறியது? புதிய அச்சுப்பொறியா, நேற்றிரவு வந்த புதுப்பிப்பா, விளையாட்டுக்காகப் போட்ட டிரைவரா? கணினி தொடங்கும்போதே பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணையுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை செய்தால் விண்டோஸ் தானே பழுதுநீக்கும் திரையைக் காட்டும். சேஃப் மோடும், கடைசிப் புதுப்பிப்பை நீக்கும் வசதியும் அங்கேதான் இருக்கின்றன.

ஆனால் அங்கே ஒரு பூட்டு குறுக்கே வரலாம். அதன் பெயர் பிட்லாக்கர். அன்று பல நிறுவனங்களின் தொழில்நுட்பப் பணியாளர்களைத் தாமதப்படுத்தியதும் இதுதான். இப்போது மாணவர்கள் வாங்கும் புதிய மடிக்கணினிகள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தவுடன் இந்தப் பூட்டு தானாகவே போடப்படுகிறது. மதர்போர்டை மாற்றினால் 48 இலக்கச் சாவியைக் கேட்கும். சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். கைப்பேசியிலேயே அந்தக் கணக்கைத் திறந்து பார்க்கலாம். கடைக்காரர் தம் மின்னஞ்சலில் கணக்கைத் தொடங்கிக் கொடுத்திருந்தால்? சாவியும் அவரிடம்தான். இன்றே பார்த்துத் தாளில் எழுதி வையுங்கள். எஸ்டிபிஎம் பாடக்குறிப்புகளோ இறுதியாண்டு ஆய்வறிக்கையோ உள்ளே மாட்டிக்கொண்டால், சாவியின்றி எந்தக் கடையாலும் எடுத்துத் தர முடியாது.

மற்றவை எளியவை. திரை கறுப்பாக இருந்தும் விசிறி ஓடினால், எச்டிஎம்ஐ கம்பியால் தொலைக்காட்சியில் இணைத்துப் பாருங்கள். அதில் படம் தெரிந்தால் கோளாறு திரையில்தான். உயிரே இல்லையென்றால், சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, வேறொரு பிளக்கில் போட்டுப் பாருங்கள். பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் எதையும் முயல வேண்டாம்; உடனே பயன்பாட்டை நிறுத்துங்கள்.

பழைய ஹார்ட் டிஸ்க் சாவதற்கு முன் பெரும்பாலும் 'டக் டக்' என்று சொல்லிவிடும். எஸ்எஸ்டி சத்தமின்றிப் போய்விடும். அதில் அழிந்த கோப்புகளை மீட்பதும் மிகக் கடினம். (அந்த எஸ்எஸ்டிகளை மைக்ரோன் நிறுவனம் சுங்கை பாக்காப்புக்குப் பக்கத்திலுள்ள பத்து காவானிலேயே தயாரிக்கிறது. ஆனாலும் உள்ளே இருப்பதற்கு நகல் எடுக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு இல்லை!)

நிபோங் திபாலிலோ புக்கிட் மெர்தாஜாமிலோ கடைக்குக் கொண்டுபோனால், விலை பேசுவதற்கு முன் இதைச் சொல்லுங்கள்: "பாஸ், ஜாங்ஙான் ஃபோர்மாட் டூலு." முதலில் தரவை எடுக்கச் சொல்லி, அதை ரசீதிலும் எழுதி வாங்குங்கள்.