ஃபஜ்ர் நேரத்தில் தட்டப்படும் கதவு



20 கோடிக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் வாழும் நாடு இந்தோனேசியா. நம் நாட்டில் ஆளுநர் நியமிக்கப்படுகிறார். அங்கோ 2005 முதல் மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கின்றனர். 2024 பிப்ரவரி 14 அன்று மாநில, மாவட்ட மன்ற உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தனர். அவ்வாண்டு நவம்பர் 27 அன்று 37 மாநிலங்களின் ஆளுநர்களுக்கும், 93 நகரங்களின் மேயர்களுக்கும், 415 மாவட்டங்களின் தலைவர்களுக்கும் ஒரே நாளில் தேர்தல் நடைபெற்றது. வாக்குச்சீட்டில் ஆணியால் துளையிட்டு, விரலை மையில் தோய்த்துத் திரும்புவது அவர்கள் வழக்கம்.

அம்மக்களின் பேச்சில் 'செராங்கான் ஃபஜர்' என்றொரு தொடர் உண்டு. 'விடியற்காலைத் தாக்குதல்' என்பது அதன் பொருள். வாக்குப்பதிவு நாளின் அதிகாலையில் வீடு வீடாகப் பணமோ பொருளோ கொடுத்து வாக்கை விலை பேசுவதையே அவ்வாறு அழைக்கின்றனர். அடியான் தன் இறைவன் முன் நிற்க வேண்டிய நேரத்தின் பெயர் இச்செயலோடு சேர்ந்துவிட்டதே! நெஞ்சம் கனக்கிறது.

அந்நாட்டின் 2016ஆம் ஆண்டுத் தேர்தல் சட்டம் கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் ஒரே தண்டனையை விதிக்கிறது: 3 முதல் 6 ஆண்டுகள் வரை சிறை, அத்துடன் 20 கோடி முதல் 100 கோடி ரூபியா வரை அபராதம். லஞ்சம் கொடுப்பவர், வாங்குபவர் இருவரையுமே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சபித்திருப்பதை நாம் அறிவோம். வாக்கு ஓர் அமானிதம். அமானிதத்தை விற்பதற்கு நமக்கு ஏது உரிமை?

"வேட்பாளர்கள் எல்லாரும் ஒன்றுதான், வாங்கினால் என்ன?" என்போர் உண்டு. அவர்களுக்கும் அத்தேர்தலிலேயே விடை இருக்கிறது. 37 இடங்களில் ஒரேயோர் அணி மட்டுமே போட்டியிட்டது. அத்தகைய இடங்களில் வாக்குச்சீட்டில் எதிரே ஒரு வெற்றுக் கட்டமும் இருக்கும். அவ்வணியை ஏற்காதவர் அதில் துளையிடலாம். பங்கா மாவட்டத்திலும் பங்கால் பினாங் நகரத்திலும் வெற்றுக் கட்டமே வென்றது! 2025 ஆகஸ்ட் 27 அன்று அவ்விரு இடங்களிலும் மீண்டும் தேர்தல் நடத்த வேண்டியதாயிற்று. வேறு வேட்பாளரே இல்லாத நிலையிலும் வாக்கின் வலிமை குன்றவில்லை.

கதவைத் தட்டும் அவ்வோசை இந்தோனேசியாவுக்கு மட்டுமே உரியதன்று என்பதை நீங்கள் அறிவீர்கள். தாய்மார்களே! பெரும்பாலும் கதவைத் திறப்பவர்கள் நீங்கள்தாம். நீட்டப்படும் பணத்தை நீங்கள் வாங்குகிறீர்களா, மறுக்கிறீர்களா என்பதை உங்கள் பின்னால் நிற்கும் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறது. ஹலால் எது, ஹராம் எது என்று மதரஸாவில் நாங்கள் ஆண்டு முழுவதும் கற்பிக்கும் பாடத்தை, அந்த ஒரு கணம் உறுதியாக்கும், அல்லது அழித்துவிடும்.

வல்ல அல்லாஹ் நம் கைகளைக் காப்பானாக! ஆமீன்.