48 மணி நேரம்: ஹாம் ரேடியோ போட்டி ஓர் அறிமுகம்

"ரேடியோவில் பாட்டு கேட்கலாம், கமெண்ட்ரி கேட்கலாம். ரேடியோவிலேயே போட்டி நடத்துவார்களா?" என்று ஹாஸ்டலில் என்னைக் கேட்காதவர்கள் குறைவு. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் நம் ஆண்டு மலரில் எல்லாருக்கும் சேர்த்தே எழுதிவிடுகிறேன். சிவில், மெக்கானிக்கல் நண்பர்களும் தைரியமாகப் படிக்கலாம். ஃபார்முலா ஒன்றே ஒன்றுதான் வருகிறது.

ஹாம் ரேடியோ என்பது, வருமானத்துக்காக இல்லாமல் சொந்த ஆர்வத்துக்காக, அரசிடம் லைசென்ஸ் வாங்கி வயர்லெஸ் நிலையம் வைத்துப் பேசுவது. நம் நாட்டில் டெலிகாம் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு இதற்குத் தேர்வு வைக்கிறது. பாஸ் செய்தால் உலகத்தில் வேறு யாருக்கும் இல்லாத ஒரு கால்சைன் கிடைக்கும். இந்திய ஹாம்களுக்குப் பெரும்பாலும் அது வி.யூ.2 அல்லது வி.யூ.3 என்று தொடங்கும். ராஜீவ் காந்தி வி.யூ.2ஆர்.ஜி.; கமல்ஹாசன் வி.யூ.2எச்.ஏ.எஸ். இந்த இரண்டு பெயரையும் சொன்ன பிறகுதான் எங்கள் மணியாச்சியில் இது கள்ளத்தனமான காரியம் இல்லை என்று நம்பினார்கள்!

போட்டி என்பது, குறித்த நேரத்துக்குள் எத்தனை நிலையங்களோடு, எத்தனை நாடுகளோடு பேச முடிகிறது என்று பார்ப்பது. பெரிய போட்டிகளில் ஒன்று, சி.கியூ. என்ற அமெரிக்க அமெச்சூர் பத்திரிகையின் பெயரில் 1948 முதல் நடந்துவரும் உலகப் போட்டி. அக்டோபர் கடைசி வார இறுதியில் பேச்சுக்கும், நவம்பர் கடைசி வார இறுதியில் மோர்ஸுக்கும் நடக்கும். நம் நேரப்படி சனிக்கிழமை காலை 5.30-க்கு ஆரம்பித்து திங்கள் காலை 5.30-க்கு முடியும். உலகத்தை 40 மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். இந்தியாவும் இலங்கையும் 22. அந்தமான் மட்டும் 26. நீங்கள் ஒருவரைப் பிடித்தால், அவர் கால்சைனைச் சரியாகக் கேட்க வேண்டும். "59, 22" என்று சொல்ல வேண்டும். அவர் தன் மண்டல எண்ணைச் சொல்வார். அதை லாகில் எழுத வேண்டும். பத்து விநாடிகூட ஆகாது. அடுத்த ஆள்.

59 என்பது "உங்கள் குரல் தெளிவாக, பலமாகக் கேட்கிறது" என்ற ரிப்போர்ட். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாலும் கொசு ரீங்காரம் போலத்தான் வருகிறது. அவருக்கும் 59 என்றே சொல்கிறார்கள்! எழுதும் வேகத்துக்காக வந்த சம்பிரதாயமாம். எனக்கு இது இன்றும் பிடிக்கவில்லை.

மார்க் போடும் முறை சுவையானது. வேறு கண்டத்து நிலையத்துக்கு 3 பாயிண்ட், நம் ஆசியாவுக்குள் வேறு நாட்டுக்கு 1 பாயிண்ட், நம் நாட்டுக்குள் பேசினால் பூஜ்யம். மொத்த பாயிண்டை, பிடித்த மண்டலங்கள், நாடுகள் இவற்றின் கூட்டுத்தொகையால் பெருக்க வேண்டும். ஒரு பேண்டில் பத்துப் பேரிடம் பேசினோம் என்று வைத்துக்கொள்வோம். ஆறு பேர் ஐரோப்பா, நாலு பேர் ஆசியா: 22 பாயிண்ட். ஏழு நாடு, ஐந்து மண்டலம்: 12. மதிப்பெண் 264. இதில் ஓர் ஐரோப்பிய நிலையத்தின் கால்சைனை ஓர் எழுத்து தப்பாக எழுதி, அந்த நாட்டுக்கு அது ஒன்றுதான் என்றால், 19-ஐ 11-ஆல் பெருக்கி 209. இது போக தப்புக்குத் தனி அபராதமும் உண்டு. ஓர் எழுத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு போச்சு!

எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? போட்டி முடிந்து ஐந்து நாளுக்குள் எல்லாரும் லாகை அனுப்பிவிட வேண்டும். கம்ப்யூட்டர் இரண்டு பக்கத்து லாகையும் எதிரெதிரே வைத்து ஒப்பிடும். நான் உங்களோடு பேசியதாக எழுதியிருந்தால், உங்கள் லாகிலும் அதே நேரத்தில் நான் இருக்க வேண்டும்.

இதை எங்க அப்பாவிடம் விளக்கினேன். அப்பா ரயில்வே கேட்கீப்பர். ஐந்தாம் வகுப்பு வரைதான் படிப்பு. மணியாச்சி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு 1911-தான் ஞாபகம் வரும். எங்கள் வீட்டில் மணியாச்சி என்றால் கேட்டும் போனும் ரிஜிஸ்தரும்தான். ரயில் வரும் முன் ஸ்டேஷன் மாஸ்டர் போனில் ஒரு ப்ரைவேட் நம்பர் சொல்வார். அப்பா கேட்டைப் பூட்டிவிட்டுத் தன் ப்ரைவேட் நம்பரைத் திருப்பிச் சொல்வார். இரண்டு பக்கமும் எழுதிக்கொள்வார்கள். அந்த நம்பர் வாய்க்கு வந்தது அல்ல, அச்சடித்த தாளில் உள்ளது. "இது நம்ம ப்ரைவேட் நம்பர் மாதிரில்லா இருக்கு! ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல இருந்தாத்தானய்யா செல்லும்?" என்றார் அப்பா. எனக்கு இது விளங்க ஒரு வாரம் ஆனது. அவருக்கு ஐந்து நிமிடம்.

இனி கருவிகள். "லட்சக்கணக்கில் ஆகுமே" என்பார்கள். வெளிநாட்டு டிரான்சீவர் வாங்கினால் செலவுதான். ஆனால் ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் (வி.யூ.2ஈ.எஸ்.ஈ.) வடிவமைத்த பிட்எக்ஸ் என்ற டிரான்சீவர், நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் சாமான்களை வைத்தே செய்யும்படி யோசிக்கப்பட்டது. காயில் சுற்ற ஃபெரைட் வளையம் கிடைக்காவிட்டால், தண்ணீர்க் குழாயில் போடும் வாஷரில் சுற்றச் சொன்னவர் அவர்! அதன் பவர் சில வாட்தான். 5 வாட்டுக்கும் குறைவாக வைத்து ஆடுகிறவர்களுக்கு இந்தப் போட்டியில் தனிப் பிரிவே இருக்கிறது. 100 வாட் என்பது 5 வாட்டைப் போல 20 மடங்கு. டெசிபல் கணக்கில் 13. எதிர்முனை மீட்டரில் அது சுமார் இரண்டு எஸ்-யூனிட் வித்தியாசம், அவ்வளவுதான். அந்தக் காசை ஆண்டெனாவில் போடுங்கள் என்பது என் கட்சி.

சொன்ன ஃபார்முலா இதோ: 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அரை அலை டைபோலின் நீளம் மீட்டரில் கிடைக்கும். 14.2 மெகாஹெர்ட்ஸுக்குப் பத்து மீட்டர் கம்பி. நடுவில் வெட்டி கோஆக்ஸியல் கேபிளை இணைத்தால் வேலை முடிந்தது. ஒரு முனை மொட்டைமாடி, மறுமுனை பனைமரம். நம் பக்கத்தில் பனைக்குப் பஞ்சமில்லை.

பஞ்சம் அமைதிக்குத்தான். எல்.இ.டி. பல்பு, இன்வெர்ட்டர், மட்டமான மொபைல் சார்ஜர் எல்லாம் இரைச்சல் கக்கும். மின்சார ரயில் எஞ்சின் போனால் கொஞ்ச நேரம் காதைப் பொத்திக்கொள்ள வேண்டியதுதான். அதைவிடப் பெரிய தொல்லை, போட்டி வருவது ஐப்பசியில். கரிசல் காட்டில் ஊரே மழைக்கு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது, இடி இடிக்கக் கூடாது என்று வேண்டிக்கொள்பவன் ஹாம் ஒருவன்தான்! தூரத்து மின்னல்கூட 'சடார்' என்று ஹெட்போனில் அடிக்கும். கிட்டத்தில் மின்னினால் போட்டியாவது ஒன்றாவது. கேபிளைக் கழற்றி வெளியே போட்டுவிட வேண்டும்.

நடத்தை முறைகள் பல உண்டு. ஓர் அலைவரிசையில் பேசும் முன், அங்கே யாராவது இருக்கிறார்களா என்று கேட்க வேண்டும். ஒருவர் பேசும்போது மேலே ஏறிக் கத்தக் கூடாது. கால்சைனை ஆல்ஃபா, பிராவோ என்று விரித்துச் சொல்ல வேண்டும். 30, 17, 12 மீட்டர் பேண்டுகளில் போட்டியே நடத்துவதில்லை. போட்டி பிடிக்காதவர்களும் நிம்மதியாகப் பேசட்டும் என்று விட்டுவைத்திருக்கிறார்கள். இது எனக்குப் பிடித்த ஏற்பாடு.

ஆனால் நிஜமான பரீட்சை, சூப்பர்வைசர் இல்லாத அறையில் நடக்கிறது. கோவில்பட்டியில் ஓர் அண்ணாச்சி வீட்டில் போன அக்டோபர் போட்டிக்கு இரண்டு பேர் போயிருந்தோம். லைசென்ஸ் அவருக்குத்தான். ரேடியோவில் பேசுவது அவர், பக்கத்தில் உட்கார்ந்து லாக் எழுதுவது நாங்கள். உட்காரும்போதே சொல்லிவிட்டார்: "நீங்க பேனா பிடிச்சா நான் ஒத்த ஆள் இல்லலே." தனிநபர் பிரிவு என்றால் பேசுவது, எழுதுவது எல்லாம் ஒருவரே செய்ய வேண்டும் என்பது விதி. அதனால் எங்களால் அவர் 'பல ஆபரேட்டர்' பிரிவுக்குப் போனார். அங்கே பெரிய பெரிய கோபுரம் வைத்த கிளப்புகளோடு மோத வேண்டும். எங்களை வெளியே அனுப்பியிருந்தால் தனி ஆளாக நல்ல இடம் வந்திருப்பார். யார் போய் அவர் வீட்டில் எட்டிப் பார்க்கப் போகிறார்கள்?

திங்கள் காலை முடிந்ததும் லாகைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஞாயிறு ராத்திரி பிடித்த ஒரு நிலையத்தின் பக்கத்தில் நான் கேள்விக்குறி போட்டிருந்தேன். அந்த ஆபரேட்டர் அவசரத்தில் விரித்துச் சொல்லாமல் வெறும் எழுத்தாகச் சொன்னார். கடைசி எழுத்து எஸ்ஸா, எஃபா? இடி இரைச்சலில் எங்களுக்கு எஸ் என்றே கேட்டது. திரும்பக் கேட்பதற்குள் அவர் அடுத்த ஆளுக்குப் போய்விட்டார். அந்த மண்டலத்துக்கு அந்த பேண்டில் எங்களுக்கு அவர் ஒருவர்தான். என்னோடு வந்தவன் போனில் தேடி, "அண்ணாச்சி, எஸ்ஸுன்னு ஒரு ஸ்டேஷனே கிடையாது, எஃப்தான் இருக்கு, மாத்திருவோம்" என்றான். உண்மையும் அதுதான்.

அண்ணாச்சி மாற்றவில்லை. "போன்ல பாத்தது நாம காதால கேட்டது இல்லலே" என்றார். போட்டி முடிந்த பிறகு பட்டியல் பார்த்தோ, ரிக்கார்டிங் போட்டுக் கேட்டோ கால்சைனைத் திருத்தக் கூடாது என்று விதியே இருக்கிறது. சரி, அந்த வரியையே அழித்துவிட்டால் அபராதமாவது மிஞ்சுமே என்றேன். அதற்கும் ஒப்பவில்லை. நாம் அழித்தால், நம்மைச் சரியாகக் கேட்டு எழுதிய அந்த மனிதரின் லாகில் 'எதிர் லாகில் இல்லை' என்று அடி விழும். எஸ் என்றே போனது. சோதனை ரிப்போர்ட் வந்தபோது, எதிர்பார்த்தபடியே 'தவறான கால்' என்று பாயிண்டும் போய், அபராதமும் விழுந்து, மண்டலமும் போயிருந்தது.

இதை லேபில் சொன்னபோது சிரித்தார்கள். கிராஃப் நேர்கோடாக வருவதற்காக மூன்றாவது ரீடிங்கை நாமே 'வரவழைத்துக்' கொள்ளும் இடத்தில் சிரிக்கத்தான் செய்வார்கள். (யாரையும் குறிப்பிடவில்லை!)

"ஒரு எழுத்துக்கு இவ்வளவு பிடிவாதமா?" என்பவர்களுக்கு ஒரு சம்பவம். 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் (வி.யூ.2ஆர்.பி.ஐ.), தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தின் குழுவோடு அந்தமான் தலைநகர் போர்ட் பிளேருக்குப் போய் வி.யூ.4ஆர்.பி.ஐ. என்ற பெயரில் நிலையம் போட்டார். (அந்த ஊர் 2024 முதல் ஸ்ரீ விஜய புரம்.) இது போட்டி அல்ல, டி.எக்ஸ்பெடிஷன் என்பார்கள்; ஆனால் வேலை ஒன்றுதான். அந்தமானிலிருந்து ஹாம் குரல் கேட்டுப் பல வருஷம் ஆகியிருந்ததால் உலகமே ஒரே நேரத்தில் அவரைக் கூப்பிட்டது. அந்தக் கூச்சலிலிருந்து ஒவ்வொரு கால்சைனாகப் பிரித்து எடுத்துக்கொண்டிருந்தார். டிசம்பர் 26 காலை 6.29-க்கு சுமத்ராவுக்கு அருகே பூகம்பம், பிறகு சுனாமி. டெலிபோன் அறுந்தது. டி.எக்ஸ்பெடிஷனை நிறுத்திவிட்டு அதே ரேடியோவை அவசரத் தொடர்புக்குத் திருப்பினார்கள். கார் நிகோபாரிலும் ஹாம் நிலையம் போட்டார்கள். யார் உயிரோடு இருக்கிறார், யார் எங்கே இருக்கிறார் என்ற தகவல் அந்த வழியாக வெளியே வந்தது. அங்கே ஒரு பெயரில் ஓர் எழுத்து மாறினால் சேதி வேறு வீட்டுக்குப் போகும்.

அந்தமான் தூரம் என்றால், 2023 டிசம்பர் 17, 18-ஐ நினைத்துப் பாருங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பயணிகளோடு வெள்ளத்தில் நின்றுவிட்டது. எங்கள் மணியாச்சி வழியாக வர வேண்டிய வண்டி. செல்போன் பல இடங்களில் செத்துக் கிடந்தது. அன்றைக்கு அப்பா கேட்டில் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

நம் வகுப்பில் ஆறு பேர் லைசென்ஸ் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறோம். ரேடியோ தியரி நம் சிலபஸில் பாதி வந்துவிடுகிறது. விதிமுறைகள் பகுதியைத்தான் மனப்பாடம் செய்ய வேண்டும். மோர்ஸ் வராதவர்கள் ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு எழுதலாம். தாய்மார்கள் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிற வீட்டுப் பையன்கள்தான் நாங்கள் பெரும்பாலும். பிட்எக்ஸ் சாமான்களை ஆளுக்குக் கொஞ்சமாகச் சேர்த்து வாங்குகிறோம். சேர விரும்புகிறவர்கள் இரண்டாம் ஆண்டு எலக்ட்ரானிக்ஸ் வகுப்பில் கேளுங்கள். கம்பி ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது, இருபது மீட்டர். ஹாஸ்டல் மொட்டைமாடிக்கும் பின்னால் நிற்கும் வேம்புக்கும் நடுவே, ஐப்பசி மழைக்கு முன்னால் ஏற்றியாக வேண்டும். மரம் ஏறத் தெரிந்த ஆள் ஒருவர் உடனே தேவை.