மின்கட்டண ரசீது அறியாத கட்டடம்

மைசூருவில் ஒரு கல்லூரியோ மருத்துவமனையோ அலுவலகமோ மாதந்தோறும் எத்தனை யூனிட் மின்சாரம் செலவழிக்கிறது என்பது சாமுண்டேஸ்வரி மின் வழங்கு கழகத்தின் கணினியில் பதிவாகிறது. ஆனால் அக்கட்டடத்தின் தளப்பரப்பு எவ்வளவு, கூரை எதனால் ஆனது, மேற்கு வெயிலை வாங்கும் சன்னல்கள் எத்தனை, குளிர்சாதன இயந்திரம் எந்த ஆண்டில் வாங்கப்பட்டது என்பவற்றில் எதையும் மின்கட்டண ரசீது அறியாது. வரைபடம் ஓர் அலுவலகத்திலும், கொள்முதல் கணக்கு வேறோர் அலுவலகத்திலும், பழுதுபார்த்த விவரம் ஒப்பந்ததாரரின் நினைவிலும் கிடக்க, மின்செலவைக் குறைக்கும் சீரமைப்பு வேலை பெரும்பாலும் ஊகத்தின் பேரிலேயே தொடங்குகிறது. இந்தத் துண்டுகளை ஒன்றுசேர்த்து, ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியுடன் குறித்து, அடுத்துச் செய்யவேண்டியது எது என்று காட்டும் ஆவணமே கட்டடத்தின் மின்னணுப் பதிவேடு.

இத்தகைய பதிவேட்டின் முதல் அளவுகோல் ‘ஆற்றல் செயல்திறன் குறியீடு’, அதாவது ஓராண்டு மின்செலவைத் தளப்பரப்பால் வகுத்துப் பெறும் எண். 5,000 சதுர மீட்டர் அலுவலகம் ஆண்டுக்கு 6 லட்சம் யூனிட் செலவழித்தால் அதன் குறியீடு 120. எரிசக்திச் சேமிப்புச் சட்டம், 2001இன்படி அமைந்த எரிசக்தித் திறன் பணியகம், கட்டடங்களுக்கு 2009 முதல் வழங்கிவரும் நட்சத்திரத் தரத்துக்கு இந்த எண்ணையே அடிப்படையாகக் கொண்டது. ஆயினும் தனியே நிற்கும் எண் ஏமாற்றக்கூடும்: பகலில் மட்டும் இயங்கும் அலுவலகத்தையும் இரவுபகலாக இயங்கும் அழைப்பு மையத்தையும் ஒரே தட்டில் நிறுக்கமுடியாது என்பதால்தான் பின்னதற்கு மணிக்கணக்கிலான வேறோர் அளவை அப்பணியகம் வகுத்தது. 2007இல் வெளியாகி 2017இல் திருத்தப்பட்ட எரிசக்திச் சேமிப்புக் கட்டட நெறிமுறையோ பெரும்பாலும் புதிய வணிகக் கட்டடங்களைப் பற்றியது. ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கும் கட்டடங்களே பெரும் சிக்கல்.

பதிவேட்டின் உண்மையான பயன் எண்ணில் இல்லை, வரிசையில் இருக்கிறது. பழைய சில்லர் (குளிர்நீர் இயந்திரம்) ஒன்று பழுதானதும் அதே திறனுள்ள புதியதை வாங்கிப் பொருத்திவிட்டு, இரண்டாண்டு கழித்துக் கூரைக்கு வெப்பத்தடுப்பும் சன்னல்களுக்கு நிழல்மறைப்பும் அமைத்தால், குளிர்விக்கவேண்டிய சுமை குறைந்துவிடும். தேவைக்கு மிஞ்சிய புதிய இயந்திரமோ ஆயுள் முழுவதும் அரைச்சுமையில் ஓடிக்கொண்டிருக்கும். வெப்பம் உள்ளே வருவதை முதலில் குறைத்து, எஞ்சிய சுமையை அளந்து, அதற்கேற்ற இயந்திரத்தை வாங்குவதே முறை என்றாலும், அளவீடுகள் கையில் இல்லாதவர் பழைய இயந்திரத்தின் பெயர்ப்பலகையைப் பார்த்துத்தான் புதியதை வாங்குவார். குளிர்நீர்ப் பம்புகளிலும் இதே கதைதான்: பம்பு எடுக்கும் மின்திறன் அதன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பின்பற்றுவதால், வேகத்தை 20 சதவீதம் குறைத்தாலே மின்திறன் ஏறத்தாழப் பாதியாகிறது, ஆனால் எந்த மணிநேரத்தில் எவ்வளவு நீர் தேவைப்படுகிறது என்ற பதிவு இல்லாத இடத்தில் அப்பம்பு முழுவேகத்திலேயே ஓடும்.

மைசூருவின் ஹெப்பாள் தொழிற்பகுதியில் 300 ஏக்கருக்கும் மேலான பரப்பில் அமைந்துள்ள இன்ஃபோசிஸ் வளாகம், அளவீட்டை முன்வைத்த சீரமைப்புக்கு அருகிலுள்ள எடுத்துக்காட்டு. 2008ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்டு, புதிய கட்டடங்களைச் சிக்கனமாக வடிவமைத்ததோடு பழைய சில்லர் நிலையங்களையும் மாற்றியமைத்த அந்நிறுவனம், தன் வளாகங்களின் இயக்கத்தைப் பெங்களூருவிலுள்ள மையக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து கண்காணிக்கிறது. ஊழியர் ஒருவருக்கான மின்செலவு பாதிக்கும் மேல் குறைந்துவிட்டது என்பது அதன் கணக்கு. அதே கட்டடத்தில் கூடுதல் ஆட்களை உட்காரவைத்தாலும் ஆள்வாரிக் கணக்கு குறையும் என்பதால், தளப்பரப்புக் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே நேர்மை. எனினும், அடிப்படை ஆண்டின் அளவு எழுதப்பட்டிராவிட்டால் எவ்வகைக் கணக்குக்கும் இடமிருந்திருக்காது. மத்திய அரசின் சூரிய நகரத் திட்டத்தில் மைசூரு இடம்பெற்று, எதிர்பார்க்கப்படும் மரபான எரிசக்தித் தேவையில் ஐந்தாண்டுகளில் 10 சதவீதக் குறைப்பு என்ற இலக்கு வைக்கப்பட்டபோதும் அடிப்படை அளவு பற்றிய கேள்விதான் எழுந்தது: எதிலிருந்து 10 சதவீதம்?

அளந்து, பதிந்து, படிப்படியாகச் சீரமைப்பதை ஐரோப்பிய ஒன்றியம் சட்டமாக்கியிருக்கிறது. குடியிருப்பு அல்லாத கட்டடங்களில் மிக மோசமாக மின்சாரத்தையும் எரிபொருளையும் விழுங்கும் 16 சதவீதத்தை 2030க்குள்ளும் 26 சதவீதத்தை 2033க்குள்ளும் மேம்படுத்தவேண்டும் என்னும் 2024ஆம் ஆண்டு நெறியாணை, படிப்படியான சீரமைப்பைக் காட்டும் ‘சீரமைப்புக் கடவுச்சீட்டு’ என்ற ஆவணத்தையும் கொண்டுவருகிறது. பிரான்சில் 1,000 சதுர மீட்டரோ அதற்கு மேலோ பரப்புள்ள வணிக, அலுவலகக் கட்டடங்கள் ஆண்டுதோறும் தங்கள் ஆற்றல் செலவை ‘ஓப்பெரா’ என்னும் அரசுத் தளத்தில் பதியவேண்டும்.

மைசூருவுக்கு இவற்றை அப்படியே பெயர்த்து நடமுடியாது; இங்குள்ள பழைய கட்டடங்களின் சிக்கல் வேறு. ஞாயிறு மாலைகளில் அரண்மனையில் எரியும் ஏறத்தாழ ஒரு லட்சம் விளக்குகளை அனைவரும் பார்க்கிறார்கள். சுண்ணாம்புக் காரையில் தடித்த சுவரும் உயர்ந்த கூரையுமாகக் கட்டப்பட்ட பழைய கட்டடங்களுக்குள் பொய்க்கூரை இறக்கிக் குளிர்சாதனம் பொருத்தப்படுவதை யாரும் பார்ப்பதில்லை. 2012இல் பழைய லான்ஸ்டவுன் கட்டடத்தின் ஒரு பகுதியும் 2016இல் பழைய தேவராஜ சந்தையின் ஒரு பகுதியும் இடிந்தபின், இடிப்பதா காப்பதா என்று நீண்ட வாதம் நடந்த ஊரில், சுவரின் நிலையையும் மின்செலவையும் ஒரே பதிவேட்டில் எழுதுவது இரட்டைப் பயன் தரும். தொடங்குவதற்குப் பெரிய மென்பொருள் தேவையில்லை. பல கட்டடங்கள் கொண்ட வளாகங்களுக்குப் பெரும்பாலும் ஒரே உயரழுத்த இணைப்பும் ஒரே ரசீதும் இருப்பதால், கட்டடத்துக்கு ஒன்றாகத் துணை மீட்டர்களைப் பொருத்துவதே முதல் வேலை.