மூன்று பென்சில்களும் ஒரு வீடும்

டீ கொஞ்சம் ஆறட்டும். அதற்குள் மூன்று பென்சில்களை எடுங்கள். ஒன்றை நிமிர்த்திப் பிடியுங்கள். இரண்டாவதைப் படுக்கவைத்து, அதன் பக்கவாட்டில் ஒட்டுங்கள். மூன்றாவது உங்களை நோக்கி நீளட்டும். மற்ற இரண்டையும் தொட்டால் போதும். எந்தப் பென்சிலும் இன்னொன்றில் போய் முடியவில்லை, பார்த்தீர்களா? ஒன்றையொன்று உரசிக்கொண்டு தாண்டிப்போகின்றன.

நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரத்துத் தச்சர் மகன் கெரிட் ரீட்வெல்ட் (1888–1964), 1918 வாக்கில் இப்படித்தான் ஒரு நாற்காலி செய்தார். அப்பாவின் பட்டறையில் அவர் கற்றது வேறு: ஒரு மரத்தில் துளை குடைந்து, மற்றதன் முனையைச் செதுக்கிச் செருகுவது. உறுதிக்கு அதுதான் மேல். ஆனால் அங்கே மூலை அடைபட்டுவிடும். ரீட்வெல்ட் சட்டங்களை அடுத்தடுத்து வைத்து, உள்ளே சிறு மரக்குச்சியால் பிணைத்தார். மூலை திறந்தே இருந்தது. காற்றும் பார்வையும் நாற்காலிக்குள் புகுந்து வெளியேறின.

அந்த நாற்காலியின் புகழ்பெற்ற சிவப்பும் நீலமும் பிறகு வந்தவை, 1923ஐ ஒட்டி. எனக்குப் பிடித்தது சட்டங்களின் வெட்டுமுனைகளில் பூசிய மஞ்சள். கறுப்புச் சட்டம் இங்கே வெட்டப்பட்டிருக்கிறது, வெட்டாவிட்டால் இன்னும் போயிருக்கும் என்று அது சொல்கிறது. சும்மா அலங்காரமில்லை. உட்கார வசதியா என்று கேட்காதீர்கள். சிற்பத்தின் மடியில் உட்கார்ந்தால் எப்படியோ அப்படித்தான்.

1924இல் ட்ரூஸ் ஷ்ரோடர் என்ற கைம்பெண், மூன்று குழந்தைகளோடு வாழ ரீட்வெல்ட்டிடம் வீடு கேட்டார். திட்டமிட்டதில் அவருக்கும் சரிபங்கு உண்டு. நாற்காலியின் மூலை இங்கே வீட்டளவுக்கு வளர்ந்தது. சுவர்களும் பால்கனிகளும் ஒன்றையொன்று தாண்டி நீள்கின்றன. மாடியில் ஒரு மூலையின் இரு ஜன்னல்களையும் திறந்தால் நடுவில் தூண் கிடையாது. மூலையே காணாமல் போகும். உள்ளே நகரும் தடுப்புகள். பகலில் ஒரே கூடம், இரவில் தனித்தனி அறைகள். நகராட்சி விதி இதற்கு ஒத்துவராது என்பதால், வரைபடத்தில் மாடியைப் பரண் என்று காட்டினார்கள்!

வீட்டைப் பார்த்தால் கான்கிரீட் போலிருக்கும். சுவரெல்லாம் செங்கல், மேலே பூச்சு.

1955இல் ரீட்வெல்ட் ஆர்ன்ஹெமில் சிற்பக் கண்காட்சிக்கென்று ஒரு மண்டபம் கட்டினார். தற்காலிகம்தான், இடித்துவிட்டார்கள். அவர் இறந்தபின் 1965இல் ஒட்டர்லோவின் க்ரோலர்-ம்யூலர் அருங்காட்சியகத் தோட்டத்தில் மறுபடி எழுப்பினார்கள். சாதாரணக் கட்டுமானக் கற்கள் தாங்கவில்லை. 2010இல் திரும்பவும் கட்ட வேண்டியிருந்தது. இன்று அதற்குள் பார்பரா ஹெப்வொர்த்தின் சிற்பங்கள் நிற்கின்றன.