தலைமையகம் எங்கே?

அமெரிக்க வாணிபம் என்றதும் நியூயார்க் நகரின் வானளாவிய மாளிகைகளே நம் மனக்கண்முன் தோன்றும். ஆயின், விற்பனைத் தொகையால் அந்நாட்டில் நெடுங்காலம் முதலிடம் வகித்த வால்மார்ட்டின் தலைமையகத்தைக் காண விரும்புவோர், ஆர்கன்சா மாநிலத்திலுள்ள பென்ட்டன்வில் என்னும் ஊருக்குத்தான் செல்ல வேண்டும்! காரணம் என்ன?

பல நிறுவனங்கள் பிறந்த மண்ணிலேயே வேரூன்றி விடுகின்றன. சாம் வால்ட்டன் 1950இல் பென்ட்டன்வில்லில்தான் ஒரு கடையைத் திறந்தார். ஓகையோ ஆற்றங்கரையிலுள்ள சின்சினாட்டியில் அக்காலத்தில் பன்றி இறைச்சித் தொழில் செழித்தது. கொழுப்பு மலிவாகக் கிடைத்தது. மெழுகுவத்தி செய்த பிராக்டரும் சோப்புச் செய்த கேம்பிளும் 1837இல் அங்கே கூட்டுச் சேர்ந்தனர். அவர்தம் நிறுவனம் இன்றும் அந்நகரிலேயே உள்ளது. மிசிசிப்பி ஆற்றின் அருவி மாவாலைகளைச் சுழற்றியமையால் மினியாபொலிஸ் நகரம் தொழில்வளம் பெற்றது.

எனினும், வேர்கள் பெயர்வதும் உண்டு. 1960களில் 'ஃபார்ச்சூன்' இதழ் பட்டியலிட்ட 500 பெருந்தொழில் நிறுவனங்களுள் ஏறத்தாழ நான்கில் ஒன்று நியூயார்க் நகரில் இருந்தது. வாடகையும் வரியும் ஏறின. விமானமும் தொலைபேசியும் தொலைவைச் சுருக்கின. எக்சான் எண்ணெய் நிறுவனம் 1990ஐ ஒட்டி டெக்சாசுக்குச் சென்றது. டெஸ்லா 2021இல் கலிபோர்னியாவை விட்டு அதே மாநிலத்தின் ஆஸ்டின் நகரை அடைந்தது. இன்றும் எண்ணிக்கையில் நியூயார்க்கே முதல் நகரம். ஆனால் அதன் பங்கு மிகக் குறைந்துவிட்டது.

இங்கே ஒன்றை மனத்திற் கொள்ள வேண்டும். பதிவு பெற்ற இடம் வேறு, தலைமையகம் வேறு. இப்பெரு நிறுவனங்களுட் பாதிக்கு மேற்பட்டவை, அவற்றுக்கு வசதியான கம்பெனிச் சட்டமும் தனி நீதிமன்றமும் உடைய டெலவேர் என்னும் சிறு மாநிலத்தில் பதிவாகியுள்ளன. அங்கே இருப்பது பெரும்பாலும் காகிதமே.

அங்ஙனமாயின் தலைமையகமும் வெறும் முகவரிதானா? போயிங் நிறுவனத்தின் கதை விடை கூறும். அது 2001இல் தன் தலைமையகத்தைச் சியாட்டிலிலிருந்து சிகாகோவுக்கு மாற்றியது. விமான ஆலைகள் சியாட்டில் பகுதியிலேயே நின்றன. ஆனால் 2020இல், 787 விமானத்தைப் பூட்டும் பணி முழுவதையும் தென் கரோலினாவுக்கு மாற்றுவதாக அந்நிறுவனம் அறிவித்தது. 2022இல் தலைமையகம் தலைநகர் வாஷிங்டனை அடுத்த ஆர்லிங்டனுக்குப் பெயர்ந்தது.

எந்த ஆலை வளர வேண்டும், எது ஒடுங்க வேண்டும் என்பதைத் தலைமையகமே முடிவு செய்கிறது. அம்முடிவைச் சுமப்பவரோ ஆலையைச் சூழ்ந்து வாழும் மக்கள். ஆகவே, நாளை தொழில் நாடிச் செல்லவிருக்கும் நாம், ஒரு நிறுவனத்தின் புகைபோக்கி எங்கே இருக்கிறது என்பதோடு, அதன் முடிவுகள் எங்கே பிறக்கின்றன என்றும் கேட்டறிதல் நலம்.