துணியின் அசைவும் காலத்தின் அடியும்

காற்றில் திரைச்சீலை அசைவதை நாள்தோறும் காண்கிறோம். அவ்வசைவைக் கணிப்பொறி கொண்டு படைப்பது எத்துணை அரியது என்பதை அதன் கணிதத்தை அறிந்தார் உணர்வர்.

துணியை நிறையுடைய பல்லாயிரம் புள்ளிகளாகவும், அவற்றைப் பிணைக்கும் சுருள்வில்களாகவும் கொள்வது வழக்கம். ஒவ்வொரு புள்ளியின்மீதும் செயற்படும் விசையிலிருந்து நியூட்டன் விதிப்படி முடுக்கம் கிடைக்கும். முடுக்கத்திலிருந்து திசைவேகத்தையும், அதிலிருந்து இடத்தையும் சிறுசிறு கால அடிகளாகக் கூட்டிக் காண்பதே எண்முறைத் தொகையிடல் ஆகும்.

இதற்கு எளிய வழி ஆய்லரின் முன்னோக்கு முறை. இக்கணத்து விசையை மட்டும் கொண்டு அடுத்த கணத்திற்குத் தாவுவது அது. துணியோ எளிதில் வளையும், எளிதில் நீளாது. ஆதலின் சிறு நீட்சியும் பெருவிசையை எழுப்பும். அவ்விசை அடி முழுவதும் மாறாதென்று கொண்டால், புள்ளி தன் நிலையைக் கடந்து அப்பால் சென்றுவிடும்.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். வினாடிக்குத் தன் அளவின் 100 மடங்கு வீதத்தில் தேயும் விலகல் ஒன்றை, திரைப்படத்தின் ஒரு படச்சட்டத்திற்குரிய 1/24 வினாடி அடியால் கணிப்போம். முன்னோக்கு முறையில் அது அடிதோறும் திசைமாறி 3 மடங்குக்கு மேல் பெருகும், துணி சிதறும். அடியை மிகக் குறைத்தால் சிதறாது. ஆனால் கணக்கு நெடிது நீளும்.

பின்னோக்கு முறை வினாவையே மாற்றுகிறது. அடியின் முடிவில் நிலவும் விசைக்குப் பொருந்தப் புள்ளி எங்கே இருத்தல் வேண்டும் என்று அது கேட்கிறது. அதே விலகல் இங்கு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கும். உண்மை விடை அறுபதில் ஒரு பங்கினும் குறைவு. எனவே இதிலும் பிழை உண்டு, அப்பிழை வளர்வதில்லை. விடைகாண எல்லாப் புள்ளிகளின் சமன்பாடுகளையும் ஒருங்கே தீர்க்க வேண்டும். ஒவ்வொரு புள்ளியும் தன் அண்டைப் புள்ளிகளோடு மட்டுமே பிணைந்திருப்பதால் அணியின் உறுப்புகளுள் பெரும்பாலன சுழியாகும், பணியும் எளிதாகும்.

1998இல் டேவிட் பராஃப், ஆண்ட்ரூ விட்கின் ஆகிய இருவரும் இவ்வழியே பேரடிகளால் துணியை இயக்கிக் காட்டினர். 2001இல் வெளிவந்த பிக்ஸாரின் ‘மான்ஸ்டர்ஸ், இங்க்.’ படத்தில் சிறுமியின் சட்டை இத்தகு கணக்கினாலேயே அசைந்தது. 2006இல் அவ்விருவரும் மைக்கேல் காஸும் ஆஸ்கர் குழுவின் தொழில்நுட்ப விருது பெற்றனர்.

எனினும் இம்முறை அசைவின் ஆற்றலை வேண்டியதினும் மிகுதியாக உறிஞ்சும். பட்டும் நனைந்த கம்பளிபோல் மந்தமாகும். அடியின் அளவைத் தேர்பவர் எந்தப் பிழையைப் பொறுப்பது என்பதையும் உடன் தேர்கிறார். சிதறிய துணி தன் பிழையைத் தானே காட்டும். மந்தமாய் அசையும் துணியோ பார்ப்பவரை நம்பச்செய்துவிடும். அதனைக் கண்டறியக் கணக்கோடு கூர்ந்த கண்ணும் வேண்டும் என்பதை மாணவர் மறத்தலாகாது.