மணி சொல்லாத பெயர்

எங்கள் ஊரில் யாராவது இறந்தால் கோயிலில் துக்க மணி அடிக்கும். ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டு. அடுப்பில் இருப்பதை இறக்கி வைத்துவிட்டுப் பெண்கள் வாசலுக்கு வருவார்கள். "ஏளா, யாரு?" என்ற கேள்வி தெருத்தெருவாகப் போய்ப் பதிலோடு திரும்ப அரை மணி நேரம் ஆகும். திருநெல்வேலிப் பக்கத்து சி.எஸ்.ஐ. கிறிஸ்தவ சபைகளில் வளர்ந்தவர்களுக்கு இது தெரியும். மணி செய்தி சொல்லும், பெயர் சொல்லாது.

அந்தப் பெயரை இப்போது நான் அனுப்புகிறேன். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றதும் சேகரச் செயலர் பொறுப்பு என்னிடம் வந்தது. என் பட்டியலில் 180 எண்கள். பிள்ளைகள் சென்னையிலும் வளைகுடாவிலும் இருக்க, ஊரில் இருக்கும் பெரியவர்கள் பலரிடம் பட்டன் போன்தான். சபைக்கு வாட்ஸ்அப் குழு உண்டு. அட்மின் மட்டும் எழுதும்படி வைத்த பிறகு அறிவிப்புகள் வாழ்த்துப் படங்களுக்குள் தொலைவதில்லை. ஆனால் பட்டன் போனுக்குக் குறுஞ்செய்தி ஒன்றே வழி. உலகின் முதல் குறுஞ்செய்தியே 1992 டிசம்பர் 3 அன்று இங்கிலாந்தில் போன கிறிஸ்துமஸ் வாழ்த்துதான். அதை நினைத்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

ஆங்கில எழுத்தில் என்றால் ஒரு செய்தியில் 160 கொள்ளும். தமிழில் 70தான். ஆங்கில எழுத்துக்கு 7 பிட் போதும், தமிழுக்கு 16 வேண்டும், அதனால்தான். அதிலும் நாம் ஓரெழுத்து என்று நினைப்பதைப் போன் அப்படி எண்ணாது. 'கு' என்றால் ககரம் ஒன்று, உகரக் குறி ஒன்று. 'க்' என்றால் புள்ளிக்கும் ஒரு கணக்கு. 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்று எழுதினால் அதற்கே இடைவெளி சேர்த்து 32 போய்விடும். மிச்சம் 38இல் பெயர், வீடு, அடக்க ஆராதனை நேரம் எல்லாம் அடங்க வேண்டும். தாண்டினால் செய்தி இரண்டு துண்டாகும். துண்டுக்கு 67தான் கொள்ளும், இரண்டு செய்தியாகவே கணக்கு ஓடும்.

"காலமானார்னு போட்டா ஒம்பதுல முடிஞ்சிரும் டீச்சர்" என்றார் பொருளாளர் தம்பி. நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஆயுசு முழுக்க ஞாயிறு தவறாமல் கோயிலுக்கு வந்த ஒருவரை 'கர்த்தருக்குள்' என்ற சொல் இல்லாமல் வழியனுப்ப எனக்கு மனம் வராது. எங்கள் ரீசார்ஜில் ஒரு சிம்முக்கு நாளுக்கு 100 செய்தி. 180 எண்ணுக்கு இரண்டிரண்டாக 360. நான்கு பேர் பிரித்து அனுப்புகிறோம். பெரிய சபைகள் நிறுவனம் மூலம் மொத்தமாக அனுப்பலாம். ஆனால் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018 விதிகளின்படி அனுப்புநர் பெயரையும் வாசகத்தின் அமைப்பையும் முன்னதாகப் பதிவு செய்தாக வேண்டும்.

எழுத்தை எண்ணக் கற்றுக்கொண்ட எனக்கு வேறொன்றைக் கற்றுக்கொள்ளத் தாமதமானது. சபையில் ஓர் அக்காவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. ஜெபிக்கச் சொல்லிப் போதகரான ஐயரிடம் கேட்டிருந்தார்கள். நான் பெயரும் நோயும் எழுதி எல்லாருக்கும் அனுப்பிவிட்டேன். மும்பையில் கட்டிக்கொடுத்த மகளின் எண்ணும் பட்டியலில் இருந்தது. அவள் ஏழு மாதக் கர்ப்பிணி. அவளிடம் இன்னும் சொல்லியிருக்கவில்லை.

அக்கா என் வீட்டுக்கு வந்தார். கோபப்படவில்லை. "நானே சொல்லணும்னு இருந்தேன் டீச்சர்" என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். அந்த ஒரு வரியை என்னால் இன்றும் தாங்க முடியவில்லை.

அதற்குப் பிறகு, நோயாளியே சரி என்று சொல்லாமல் நோயின் பெயரை எழுதுவதில்லை. சாவு வீட்டிலிருந்து, வெளியூர்ப் பிள்ளைகளுக்கு வாயால் சொல்லியாச்சு என்று தகவல் வராமல் செய்தி போகாது.

போன மாதம் விடியற்காலை ஐந்து மணிக்கு மணி அடித்தது. துபாயிலிருந்து இறந்தவரின் மகன் ஏற்கெனவே கிளம்பி விமானத்தில் இருந்தான். செய்தியைத் தட்டி வைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். "யாரு டீச்சர்?" என்று வந்த பெண்களிடம் வாயால் சொன்னேன், போனில் யாருக்கும் போட வேண்டாம் என்றும் சொன்னேன். அவர்களும் போடவில்லை. ஒன்பதே காலுக்கு மருமகள் வந்து, "இறங்கிட்டாங்க, சொல்லியாச்சு" என்றாள். அனுப்பினேன்.